பத்தாவது நூல்

ஒரகடம் ஏரிகளின் வரலாறு பற்றிய ஆய்வுக்குப் பத்து நூல்களைப் பட்டியலிட வேண்டும். ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது, எப்படி உதவியது என்று இரண்டு வரி எழுத வேண்டும். ஐஸ்வர்யா ஒன்பதை முடித்துவிட்டாள். பத்தாவது மட்டும் கல்லூரி நூலகத்தில் மூன்று வருடமாக இல்லை.

“யாரு மேடம் எடுத்துனு போனது?”

நூலகர் செங்கமலம் சிரித்துக்கொண்டே பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்.

மறுநாள் பட்டியலைப் படித்த பேராசிரியர் தாண்டவராயன் பத்தாவது குறிப்பில் நின்றார்: ‘முக்கியமான நூல். மூன்று வருடமாக ஒருவர் வீட்டில் இருப்பதால் படிக்க முடியவில்லை.’

“என்னம்மா இது? யாரு, எவருன்னு இல்லாம ஒரு குறிப்பா? அஞ்சு மார்க் போச்சு!”

“பேரையும் போட்டுடட்டுமா சார்? பதிவேட்டுல உங்க கையெழுத்து நல்லா தெளிவா கீது.”

மதிய மணி அடிப்பதற்குள் நூல் அலமாரிக்கு வந்துவிட்டது.