காயாத பச்சைப் பெயிண்ட்

மயிலாப்பூர் ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரை ஓட்டைகள் வழியே மத்தியான வெயில் காசு காசாக விழுகிறது. ஜானுவின் மொபெட்டில் பின்கேரியர் ஒருபக்கமாகத் தொங்குகிறது. அதிலிருந்து விழுந்த மகளின் கையில் புது மாவுக்கட்டு. "நான்தான் பள்ளத்துல இறக்கிட்டேன் பாய். நீங்க நன்னாத்தான் முடுக்கிக் குடுத்தேள்," என்கிறாள் ஜானு. மெக்கானிக் மெஹபூப் அலி குனிந்து, மிஞ்சியிருக்கும் குட்டை போல்ட்டைத் தொடுகிறார். ஸ்பேனர் இல்லாமலே விரலுக்குச் சுற்றுகிறது. ஆயுத பூஜை அவசரத்தில், அடித்த பெயிண்ட் காயுமுன் அதன் மேலேயே முடுக்கியவர் அவர். பெயிண்ட் நசுங்கி இடைவெளி விட்டாலும் நீள போல்ட் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். குட்டைக்கு அந்த இழுப்பு கிடையாது, தானே கழன்றுவிடும். அது தெரிந்த கைதான். கழன்று வந்த வாஷரில் ஒட்டிய பச்சைப் பெயிண்ட் வளையத்தை உள்ளங்கைக்குள் மூடிக்கொள்கிறார். "ஆமாம்மா, ரோடு மோசமா கீது." "இனிமே மெதுவா ஓட்டறேன் பாய்," என்று ஜானு தலைகுனிகிறாள்.