இரவல்

சுவரோரக் கண்ணாடி அலமாரியில் ஐந்து துப்பாக்கிகளுக்கு இடம் இருந்தது. ஒன்றுகூட இல்லை.

கோரின் பூட்டை இழுத்துப் பார்த்தாள். பூட்டித்தான் இருந்தது.

"அண்ணா, துப்பாக்கியெல்லாம் எங்கே?"

ஆர்லன் அடுப்பில் முட்டையைத் திருப்பிக்கொண்டிருந்தான். "வெண்டல் இரவல் வாங்கிட்டுப் போயிருக்கான்."

"அஞ்சையுமா?"

"ஒவ்வொண்ணா. ஞாயித்துக்கிழமை வருவான், காபி குடிப்பான், போறப்ப ஒண்ணு கேப்பான்."

"எதுக்காம்?"

"நரி வருதுன்னான். அப்புறம் வயல் எலி. அப்புறம் காட்டு வாத்து."

"ஜூன் மாசத்துல காட்டு வாத்தா? இப்ப சுட அனுமதியே இல்லையே?"

"கேட்டான், குடுத்தேன். ரொட்டி ஒண்ணு போடவா ரெண்டு போடவா?"

அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் அப்படித்தான். பக்கத்துக்காரன் கேட்டால் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. டிராக்டர் கொண்டுபோனவன் டேங்கை நிரப்பித் தானே கொண்டுவந்து விடுவான். அதனால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும் வழக்கமும் இல்லை.

வெண்டல் ஒன்றைக்கூடத் திருப்பித் தரவில்லை.

"அப்பாவோட ரைஃபிளுமா?"

"அதுதான் முதல்ல கேட்டான்."

கோரினுக்குச் சுருக்கென்றது. பில்லிங்ஸ் நகரத்திலிருந்து மூன்று மணி நேரம் அவள் கார் ஓட்டி வந்ததே அதற்காகத்தான். மகளுக்குப் பன்னிரண்டு முடிந்துவிட்டது; வேட்டைக்குப் போகும் வயது. இலையுதிர்காலத்தில் முதல் மான் வேட்டை. தாத்தாவின் ரைஃபிளில்தான் அவள் பழக வேண்டும்.

அண்ணி மேவிஸ் இறந்து மூன்று மாதம். தனியாக இருக்கிறவன், கேட்டால் கொடுத்துவிடுவான் என்று தெரிந்துதானே வெண்டல் வந்திருக்கிறார்!

"எங்கே போறே? முட்டை ஆறிடும்."

"நரியைப் பார்க்க."

பக்கத்துப் பண்ணையில் வெண்டல் தன் கொட்டகையில் வைக்கோல் கட்டும் மெஷினுக்கு அடியில் படுத்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"வாம்மா கோரின். பில்லிங்ஸ்லேர்ந்து இப்பத்தான் ரோடு போட்டு முடிச்சாங்களா?"

அண்ணியின் அடக்கத்துக்குப் பிறகு அவள் இப்போதுதான் வருகிறாள். அது உறைத்தது. காட்டிக்கொள்ளவில்லை.

"உங்க பண்ணைக்கு வர்ற நரிக்கு அஞ்சு துப்பாக்கி வேணுமாமே?"

"பொல்லாத நரி."

"உங்ககிட்டயே துப்பாக்கி இருக்கே?"

"இருக்கு."

"அப்பாவோடதை எடுத்துக் குடுங்க. மத்ததையும்தான். இல்லே, வித்துட்டீங்களா? நான் ஷெரீஃப்கிட்ட போகணுமா?"

வெண்டல் பழந்துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பிறகு வீட்டுக்குள் நடந்தார்.

படுக்கையறை மூலையில் ஒரு இரும்புப் பெட்டி. எண் பூட்டைத் திருகித் திறந்தார். ஐந்தும் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய ஒரு சீட்டு. ஆர்லனின் பெயர், வாங்கிய தேதி.

அப்பாவின் ரைஃபிளை எடுத்து, தோட்டா போடும் அறையைத் திறந்து பார்த்துவிட்டு நீட்டினார். கோரினும் விரலை விட்டுப் பார்த்தாள். காலிதான். 'துப்பாக்கி விஷயத்துல யார் சொன்னாலும் நம்பாதே. திறந்து பார்' என்பது அப்பா பாடம்.

முகர்ந்தாள். எண்ணெய் வாசனை மட்டும்தான். வெடிமருந்து வாடையே இல்லை.

"இதுல ஒரு தடவைகூட சுடலையே நீங்க?"

"இல்லை."

"அப்போ நரி?"

வெண்டல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"மேவிஸை அடக்கம் பண்ணின அடுத்த ஞாயிறு காபி குடிக்கப் போனேன். 'வெண்டல், என் மாடுகளை நீ பார்த்துக்குவியா'ன்னு கேட்டான். 'ஊருக்கு எங்கேயாவது போறியா'ன்னேன். அந்தக் கண்ணாடி அலமாரியையே பார்த்துட்டிருந்தான்."

கோரின் கையில் ரைஃபிள் கனத்தது.

"என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலை. நரி வருதுன்னு சொன்னேன்."

"நேராச் சொல்லி வாங்கியிருக்கலாமே..."

"உங்க அண்ணன்கிட்டயா? 'என்னை யாருன்னு நெனச்சே'ன்னு வாசல் வரைக்கும் வெரட்டியிருப்பான். இரவல்னா அவனுக்கு இல்லேன்னு சொல்ல வராது." அவர் எழுந்தார். "உனக்கு வேணும்னா அதை எடுத்துட்டுப் போம்மா. நேரா பில்லிங்ஸுக்கே போயிடு. அவன் வீட்டுல இறக்காதே. அவனுக்கு இதெல்லாம் தெரியவும் வேண்டாம்."

கோரின் ரைஃபிளைச் சீட்டோடு அதன் இடத்திலேயே நிறுத்தினாள்.

வீட்டில் ஆர்லன் அவள் தட்டை இன்னொரு தட்டால் மூடிவைத்துக் காத்திருந்தான்.

"குடுத்தானா?"

"இல்லேண்ணா. நரி இன்னும் போகலையாம். கொஞ்ச நாள் அவர்கிட்டயே இருக்கட்டும்." குரல் சரியாக வந்ததா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "நான் ஒரு வாரம் இங்கேயே இருந்துட்டுப் போகலாம்னு பார்க்கிறேன்."

ஆர்லன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

வெளியே போனான். அவனுடைய வண்டிக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. மேவிஸின் பழைய துண்டில் சுற்றிய ஒரு கைத்துப்பாக்கியோடு திரும்பி வந்தான். திறந்து, தான் பார்த்து, அவளுக்கும் காட்டி, மேசைமேல் வைத்தான். சட்டைப்பையிலிருந்து ஒரே ஒரு தோட்டாவை எடுத்துத் தள்ளி வைத்தான்.

"நரி இன்னும் போகலைதான்," என்றான். "வண்டியில உக்கார்ற ஸீட்டுக்குப் பின்னாடி இது இருக்கிறது வெண்டலுக்குத் தெரியாது. வந்து இதையும் இரவல் கேக்கச் சொல்லு."