வெள்ளிக்கிழமை வளையம்

மகளின் விரல்கள் இத்தனை சுறுசுறுப்பாக ஓடி அவள் பார்த்ததே இல்லை.

பட்டன் அறுந்தால்கூடத் தையல்கடைக்குக் கொடுத்தனுப்புகிற பெண் சொர்ணா. இன்று காலையிலிருந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஹேங்கர் கம்பியை வட்டமாக வளைத்தாள். அப்பாவின் ஓட்டைக் குடையைக் கிழித்து, அந்தக் கருப்புத் துணியைக் கம்பியில் சுற்றினாள்.

வாசல் கதவில் மாட்ட.

பேய் வளையமாம். அபார்ட்மெண்டில் போட்டியாம். எந்த வீட்டுக் கதவு பிள்ளைகளை அதிகம் பயமுறுத்துகிறதோ, அந்த வீட்டுக்கு ஒரு குக்கர்.

வீட்டில் ஏற்கெனவே மூன்று குக்கர் இருக்கிறது.

சொர்ணாவின் அம்மா விருதுநகர் மிளகாய் மண்டியில் பிறந்து வளர்ந்தவள். மூட்டையின் வாயில் கிடக்கிற மிளகாயைப் பார்த்து அவள் அப்பா ஒருநாளும் விலை பேசியதில்லை. கையை அடிவரைக்கும் விட்டு அள்ளுவார்.

அவளும் கையை விட்டுப் பார்த்தாள். அபார்ட்மெண்ட் செயலாளருக்கு ஒரு போன்.

போட்டி நிஜம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை.

இன்று வெள்ளி. நாலு மணிக்குச் சொர்ணாவைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

இது மூன்றாவது வரன். முதல் வரன் வந்த அன்று சொர்ணாவுக்குக் காய்ச்சல். தெர்மாமீட்டருக்கு மட்டும் அது தெரியவில்லை. இரண்டாவது வரன் வந்த அன்று, பேங்கிலிருந்து திரும்பும் வழியில் ஸ்கூட்டர் பஞ்சர். மூன்று மணி நேரப் பஞ்சர். வயது முப்பதைத் தொடப்போகிறது. இதுவும் தட்டிப்போனால் உங்கள் வாசலை மிதிக்க மாட்டேன் என்று தரகர் சங்கரலிங்கம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

“ஞாயித்துக்கெழமை போட்டிக்கு இன்னைக்கே எதுக்குடி மாட்டுற?”

“பசை காய வேண்டாமாம்மா? அவங்க வர்றதுக்குள்ள கழட்டிர்றேன்.”

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. இந்த வேகத்தில் விலை சொல்கிற கடையில் அவள் நிற்கவே மாட்டாள்.

சாமி படத்திலிருந்து எடுத்த வாடிய சாமந்தியைச் சொர்ணா வரிசையாக ஒட்டினாள். குடைக்கம்பிகளை ஒடித்துச் சிலந்திக்கால் வைத்தாள். அடியில் முட்டை ஓட்டில் இரண்டு கண்கள்.

நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு உறுத்தியது.

நாலு அடிக்கப் பத்து நிமிடம். கீழேயிருந்து வாட்ச்மேன் கூப்பிட்டார். வந்துவிட்டார்கள்.

அவள் கொசுவத்தைச் செருகிக்கொண்டே கதவுக்கு ஓடினாள். கதவில் பதித்த சின்னக் கண்ணாடியில் கண்ணை வைத்தாள்.

வெளியே, கண்ணாடியைச் சுற்றிக் கருப்பாக ஒரு விளிம்பு.

கழற்றவில்லை.

லிஃப்ட் திறந்தது. தரகர். மாப்பிள்ளை. அவனுடைய அப்பா, அம்மா. கையில் பூவும் பழமும்.

நடையில் பல்பு போய் ஒரு வாரமாகிறது. அந்த மங்கலில் சிலந்தியும் தெரியாது, முட்டைக்கண்ணும் தெரியாது. வட்டம் தெரியும். பூ தெரியும். கருப்புத் துணி தெரியும். அவர்கள் ஊரில் வட்டமாகப் பூக்கட்டி எடுத்துப்போவது சாவு விழுந்த வீட்டுக்குத்தான்.

நாலு பேரும் நின்றுவிட்டார்கள். தரகர் செருப்பைக் கழற்றப் போனவர், மறுபடி மாட்டிக்கொண்டார்.

அவள் கை தாழ்ப்பாளுக்குப் போனது. ஒரு வார்த்தை போதும். பிள்ளைங்க விளையாட்டு, உள்ளே வாங்க. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

கதவுக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் அம்மா குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்திய குரல்தான் கதவிடுக்கில் நன்றாக நுழையும்.

“போனது யாருன்னு மொதல்ல விசாரிங்க. அப்பனா இருந்தா இந்த வீடு பொண்ணு பேருக்கு வந்துரும்ல.”

மாப்பிள்ளை தலையை ஆட்டினான். யோசித்து, நிதானமாக ஆட்டினான்.

அவள் கை தாழ்ப்பாளிலேயே இருந்தது.

பூவும் பழமும் லிஃப்டுக்குள் திரும்பிப் போயின.

அவள் கையை எடுத்தாள்.

ஐந்து நிமிடத்தில் போன் அடித்தது.

“அக்கா, வாசல்ல வளையத்தைப் பாத்துட்டு அப்படியே எறங்கிட்டோம்.” தரகரின் குரலில் துக்கம் சரியான அளவில் இருந்தது. “யாரு தவறிட்டாங்க?”

அவள் ஹாலைப் பார்த்தாள். வீட்டுக்காரர் சலவை வேட்டியில் உட்கார்ந்து, விருந்தாளிகளுக்கு வைத்த கேசரியிலிருந்து முந்திரியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“பங்காளி வகையில ஒரு சாவு அண்ணாச்சி. ஒரு வருசத்துக்கு நல்ல காரியம் எதுவும் பேச முடியாது.”

வைத்துவிட்டாள்.

“எந்தப் பங்காளி?” வீட்டுக்காரரின் கை கேசரியிலேயே நின்றது. “எனக்கு யாருமே சொல்லலையே.”

“நீங்க சாப்பிடுங்க.”

அடுக்களை வாசலில் சொர்ணா நின்றிருந்தாள். பட்டுப்புடவை. தலை நிறையப் பூ. கையில் காபித் தட்டு. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். முகத்தில் மட்டும் ஒன்றும் இல்லை.

தெரிந்தேதான் கழற்றாமல் விட்டாயா என்று அம்மா கேட்க வந்தாள். கேட்கவில்லை. கேட்டால் பதிலும் தயாராக இருக்கும்.

“ஒரு வருசம் வாங்கிக் குடுத்திருக்கேன்” என்றாள். “அதுக்கு மேல என்னால இழுக்க முடியாது. பையன் யாரு?”



சொர்ணா தட்டைக் கீழே வைத்தாள். “சொல்றேம்மா” என்று வந்து, மாப்பிள்ளைக்கென்று போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.