முன்வரிசையில் மூன்றாவது ஆள்

“ரன்வே எந்தக் காலத்துல போட்டதுன்னு தெரியுமாம்மா?”

கிள்ளான் நில அலுவலகத்தில், ஓய்வு பெறும் வயதிலிருந்த அதிகாரி கேட்டார். புஷ்பவல்லி மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பித்தாள்.

“சண்டைக்கு முன்னால வெள்ளைக்காரன் போட்டான் சார். சதுப்பு நிலம், செம்மண்ணக் கொட்டி நிரப்புனாங்க. அப்புறம் ஜப்பான்காரன் பிடிச்சான். மறுபடி வெள்ளைக்காரன் வந்தான். இப்ப ஏரோப்ளேன் இறங்குன இடத்துல போர்ட்டு லோரிதான் நிக்குது லா.”

“உங்க வீடு?”

“ரன்வே ஓரத்துலதான். இருபத்தெட்டு வருசம் ஆச்சு. மாசக் கடைசிக்குள்ள உடைக்கிறாங்களாம்.”

அந்த ராணுவ விமானத்தளத்தில் வேலை செய்தவர்களின் வாரிசுகளுக்குத்தான் மாற்று வீடு. அவள் குடும்பத்தில் யாரும் அங்கே வேலை செய்ததில்லை. தளத்தின் பழைய கேன்டீனை இடித்தபோது அவள் கணவன் லோகன் எடுத்து வந்த, தொழிலாளர்களின் குழுப் புகைப்படம் ஒன்று மட்டும் இருந்தது. அதை மேசைமேல் வைத்தாள்.

“இதுல உங்க தாத்தா யாரு?”

“முன்வரிசையில மூணாவது ஆளு. பேரு நாகையா, பின்னால எழுதியிருக்கு பாருங்க. அம்மாவோட அப்பா. அதான் என் ஐசி கார்டுல அவர் பேரு வராது.”

அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“எப்படிப்பட்ட மனுசன்?”

இதற்கு லோகன் பதில் சொல்லித் தரவில்லை. புகழ்ந்தால் பொய்யென்று தெரிந்துவிடுமோ என்று அவள் பயந்தாள்.

“என்னத்தச் சொல்ல சார்? பின்னால நிக்குதே ரோலர், அத ஓட்டிச் சம்பாதிச்சதெல்லாம் கள்ளுக்கடைக்குத்தான். குடிச்சிட்டு வந்து பாட்டியப் போட்டு அடிப்பாராம். அம்மா சொல்லி அழுவாங்க.”

“அடிப்பாரா?”

“தெருவே கூடிடுமாம்.”

சொல்லி முடித்ததும் அவளுக்குக் கூசியது. படத்தில் அந்த மனிதர் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, வெட்கத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாத ஒருவரை எதற்கு அப்படிச் சொன்னோம் என்று தலைகுனிந்தாள்.

அதிகாரி எழுந்துபோய்ப் படத்தை நகல் எடுத்து வந்தார்.

“ஃபைலுக்கா சார்?”

அவர் நகலை மடங்காமல் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, தன் சொந்தப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு விண்ணப்பப் பாரத்தில் ஏதோ எழுதி, முத்திரை குத்தி அவள் பக்கம் தள்ளினார்.

“படிச்சிட்டு சைன் பண்ணுங்கம்மா.”

‘பேத்தி’ என்று அவள் எழுதியிருந்தது ஒரே கோட்டில் அடிக்கப்பட்டிருந்தது. ‘வாரிசு என்பதற்குச் சான்று இல்லை. இருபத்தெட்டு ஆண்டுகளாக அங்கே வசிப்பதால் வீடு வழங்கப் பரிந்துரைக்கிறேன்’ என்று பக்கத்தில் எழுதியிருந்தார்.

கீழே, முத்திரையில் அவருடைய முழுப்பெயர் இருந்தது: யுகேந்திரன், நாகையாவின் மகன்.