வாலில் ஒரு சிவப்பு ஓட்டை

"சத்தியமா நான் வாயைத் திறக்க மாட்டேன். நீயும் திறந்து தொலைக்காதே" என்றான் ஆம்புரோஸ், சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டே. "எட்டுத் துப்பாக்கி ஒண்ணா வெடிக்கிற சத்தத்துல எவனுக்குத் தெரியப்போகுது?"

லோவல் தன் விரல்களில் ஒட்டியிருந்த சிவப்புச் சாயத்தைக் கால்சட்டையில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான். அது போவதாக இல்லை.

"தோட்டா டிரம்மை எங்கே வச்சே?"

"தார்ப்பாய்க்கு அடியில. சாயங்காலம் நான் பார்த்துக்கறேன். நீ முதல்ல மூஞ்சியைத் துடை. பார்க்கிறவன் கேட்காமலே கண்டுபிடிச்சிடுவான்."

லோவலின் துப்பாக்கிக்குத் தோட்டா டிரம் மாட்டிக் கொடுப்பவன் ஆம்புரோஸ். மணல்மேட்டின் மேல் அப்படி எட்டு விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் அட்லாண்டிக்கைப் பார்த்தபடி நின்றன. விமானம் ஒன்று நீளக் கம்பியில் துணிப்பையை இழுத்துக்கொண்டு கரையோரம் பறக்கும். கடற்படைப் பயிற்சிக்கு வந்த பையன்கள் அந்தப் பையைச் சுட வேண்டும்.

யாருடைய தோட்டா பட்டது என்று பிறகு தெரிய வேண்டுமே! அதற்காகத் துப்பாக்கிக்கு ஒரு நிறமாகத் தோட்டா முனையில் சாயம் தோய்த்திருப்பார்கள். லோவலுடையது சிவப்பு.

பயிற்சி கொடுக்கும் சீஃப் ஹாஸ்கெல் ஒரு சிங்கம். காலையில் முதல் சுற்றுக்கு விமானம் வந்தபோது, லோவலைத் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டு, அவன் துப்பாக்கியில் பழைய டிரம்மில் மிச்சமிருந்த பத்துத் தோட்டாவையும் சரசரவென்று சுட்டுக் காட்டினார். "பார்த்தீங்களாடா? காப்பி ஆறுறதுக்குள்ள முடிக்கிற வேலை இது" என்றார். ஆம்புரோஸ் புது டிரம்மை மாட்டிக் கொடுத்தான். சீஃப்புக்குப் பிறகு அதே இடத்தில் நிற்கவே லோவலுக்குத் தயக்கமாக இருந்தது.

லோவலின் அண்ணன் கிளென் போன வருஷம் போரில் கப்பலோடு மூழ்கிப் போனவன். அவன் தம்பி என்பதற்காகவே நெப்ராஸ்காவில் ஊர் முழுக்க ரயிலடிக்கு வந்து, பேண்டு வாசித்து லோவலை வழியனுப்பியது. இன்று நடந்தது தெரிந்தால் அந்த ரயிலடியில் எந்த முகத்தோடு இறங்குவான்?

விசில் அலறியது. "எல்லாரும் வரிசையில நில்லுங்கடா!"

சீஃப்பின் பக்கத்தில் விமானி கார்பின் நின்றார். தலைக்கவசத்தைக்கூட இன்னும் கழற்றவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை.

"என் விமானத்தோட வால்ல ஓட்டை" என்றார் மெதுவாக. "இறங்கின பிறகுதான் பார்த்தேன். ஒரு சாண் தள்ளிப் பட்டிருந்தா நான் இப்போ கடலுக்கு அடியில. வீட்டுல ரெண்டு சின்னக் குழந்தைங்க இருக்குதுங்கப்பா."

சீஃப்பின் கழுத்து நரம்பு புடைத்தது. "பைக்குக் கொஞ்சம் முன்னாடி குறி வைன்னேன். கொஞ்சம்! இழுத்துட்டுப் போற விமானத்தையே அடிக்கவா சொன்னேன்? ஓட்டையைச் சுத்திச் சிவப்புச் சாயம் ஒட்டியிருக்கு. யாருடா சிவப்பு?"

ஆம்புரோஸ் லோவலின் முழங்கையை இறுக்கிப் பிடித்தான். அதை விடுவித்துக்கொண்டு லோவல் ஓரடி முன்னால் வந்தான்.

"நெப்ராஸ்காவா! சோளக்கொல்லையில காக்கா சுடுறதா நினைப்பாடா உனக்கு? கோர்ட்டுல நிறுத்துவேன். பத்து வருஷம் உள்ளே கிடப்பே. உங்க ஊர் பேண்டு ஜெயில் வாசல்ல வந்து வாசிக்கட்டும்!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். விமானி சிரிக்கவில்லை. "பயந்துட்டியா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா, சார்."

சும்மா இருந்தால் ஜெயில். வாயைத் திறந்தால் ஆயுசுக்கும் தலைகுனிவு. அம்மாவின் முகமும் அண்ணன் முகமும் மாறி மாறி வந்தன. அந்த மணலிலேயே புதைந்துவிடக் கூடாதா என்றிருந்தது அவனுக்கு.

"ஆம்புரோஸ்..." என்றான் கடைசியில். "அந்த டிரம்மை எடுத்துட்டு வா."

"வேணாம்டா, லோவல்..."

"எடுத்துட்டு வா."

ஆம்புரோஸ் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய், தார்ப்பாயைத் தூக்கி, டிரம்மைக் கொண்டுவந்து சீஃப்பின் காலடியில் வைத்தான். வைக்கும்போதே அதன் கனம் தெரிந்தது.

"என்னடா இது?"

"என் டிரம், சீஃப். அறுபது தோட்டாவும் அப்படியே இருக்கு." லோவலின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. "விமானம் வந்ததும் அண்ணன் நினைப்பு வந்துடுச்சு. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். நான் நின்ன நாலு சுத்துலயும் விசையைத் தொடவே இல்லை. நான் ஒரு கோழை, சீஃப். எழுதிக்குங்க."

சீஃப் குனிந்து டிரம்மைத் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"பொய் சொல்றியா? அப்போ இன்னிக்குச் சிவப்புத் தோட்டா சுட்டவன் யாருடா?"

லோவல் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நீங்க மட்டுந்தான், சீஃப்."