பூமிக்கு ஒரு மணி நேரம்

"ஆறு மணிக்குக் கரண்டை அணைப்பாங்கன்னு தெரிஞ்சும் என்னை இதுக்குள்ள இழுத்துட்டு வந்து—"

"என் கடிகாரத்துல இன்னும் அஞ்சு நிமிஷம் இருந்துச்சுடி! மெதுவாப் பேசு, வெளியில கேட்கும்."

"கேட்கட்டும்! முட்டி வலிக்குதுன்னு லிஃப்ட்ல ஏறினது நீங்க. மூச்சு முட்டுறது எனக்கு!"

ஊசி நுழைய இடமில்லாத இரும்புப் பெட்டி. உள்ளே கும்மிருட்டில் கணவனும் மனைவியும். பக்கத்துப் படிக்கட்டில் சபையார் திமுதிமுவென்று ஏறிக்கொண்டிருந்தார்கள். பூமியின் சூடு தணிய, ஐந்தாவது மாடியில் ஒரு மணி நேரம் விளக்கில்லாத ஜெபம். இனிமேல் லிஃப்டைத் தொடுவதே இல்லை என்று போன வாரம்தான் எல்லோரும் கைதூக்கிச் சத்தியம் செய்திருந்தார்கள்.

"நாம இங்க இருக்கோம்னு தெரிஞ்சா மானம் கப்பலேறிடும்" என்று கிசுகிசுத்தார் அவர். அவருடைய சட்டைப் பையில் ஏதோ கிணுகிணுத்தது.

"மானத்தை வச்சு விசிறிக்கவா முடியும்?" அவள் கதவைப் படபடவென்று தட்டினாள்.

"யாரும்மா உள்ளே?" வெளியே காவலாளியின் குரல்.

"மெயின் ஸ்விட்சைப் போடுப்பா! உங்க போதகரும் நானும்தான் மாட்டிக்கிட்டோம்!"

படிக்கட்டில் காலடிச் சத்தம் சட்டென்று நின்றது.

"போதகர் ஐயாவா!" காவலாளி பதறினான். "மெயினை அணைச்சுட்டு ஸ்விட்ச் ரூம் கதவைச் சாத்தினேன், அது தானாப் பூட்டிக்கிச்சே! யாராவது கெஞ்சினா நான் மனசிளகிப் போட்டுடுவேன்னு, சாவியைக் காலையிலேயே நீங்கதானே ஐயா வாங்கிப் பையில போட்டுக்கிட்டீங்க?"