எந்தப் பக்கத்து முடிச்சு?

"தாயிடமிருந்துதான் வந்திருக்கு" என்று டொக்டர் நிம்றா சொன்னதும், சரோஜினிதேவி கைப்பையைத் திறந்து போனை எடுத்துவிட்டார். கனடாவில், ரொறன்ரோவில் இருக்கும் மகன் சயந்தனுக்கு உடனே சொல்ல வேண்டுமாம். பேரனுக்கு நோய் வருத்தம் என்ற கவலையைவிட, மருமகள் மாட்டிக்கொண்டாள் என்ற சந்தோசம்தான் அந்த முகத்தில் இருந்தது.

மருமகள் சாம்பவி பிள்ளையை மடியோடு அணைத்துக்கொண்டாள். பிழை அவள் பக்கம் என்றால் விவாகரத்துத்தான் என்று சயந்தன் முன்கூட்டியே சொல்லிவிட்டான். அவள் இருக்கும் வெள்ளவத்தை வீடும் மாமியின் பெயரில். ஆறு வயதாகியும் ஒரு சொல் பேசாத அபிஷனைத் தூக்கிக்கொண்டு அவள் எங்கே போவாள்?

டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். டிஎன்ஏயில் ஓரிடத்தில் ஒரே மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வந்து, தையல் நூல்போலச் சுருண்டு முடிச்சு விழுந்திருக்கிறதாம். தாயிடம் சின்ன முடிச்சு. பிள்ளைக்கு வரும்போது அது பெருத்து, மூளைக்கு வேண்டிய ஒரு ஜீனையே வேலை செய்யவிடாமல் பூட்டிவிட்டதாம்.

"அது இவளின்ர தாய் கொண்டுவந்த சீதனம், டொக்டர்" என்றார் சரோஜினிதேவி.

முதல் நாள் டொக்டர் கேட்ட குடும்ப விபரமெல்லாம் அவர்தான் சொன்னார். சாம்பவி வாயெடுத்தால் ஒரு முறைப்பு, அவ்வளவுதான்.

டொக்டர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. சாம்பவியின் தாய் தகப்பனையும் போன கிழமை கூப்பிட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தாராம். தாய்க்கு ஒன்றுமில்லை. தகப்பன் நமசிவாயத்திடம்தான் அந்த முடிச்சு இருக்கிறது. வரவர அவருக்குக் கை நடுங்குவதும் அதனால்தானாம்.

சரோஜினிதேவி போனைப் பைக்குள் போட்டார். பிள்ளைக்குப் பசிக்கும், வீட்டுக்குப் போவோம் என்று அவசரமாக எழும்பினார்.

"கொஞ்சம் இருங்க. ஆம்பிளைகளுக்கு இது தாயில இருந்து மட்டும்தான் வரும், நமசிவாயத்துக்கும் அவர்ட அம்மாவில இருந்துதான் வந்தது. அவரோட கூடப்பிறந்த பொம்பிளைகள் இருந்தா அவங்களுக்கும் இருக்கலாம், டெஸ்ட் செய்யணும். யாரும் இருக்கிறாங்களா?"

சரோஜினிதேவி மருமகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். வலித்தது. சாம்பவி அந்தக் கையை விலக்கிவிட்டு, கலியாணமான நாளிலிருந்து முதல் தடவையாக மாமியை முந்திக்கொண்டு பதில் சொன்னாள்.

"அப்பாவுக்கு ஒரேயொரு தங்கச்சி, டொக்டர். இந்த மாமிதான்."